நாற்பத்தொன்றாம் எண்ணின் சர்க்கரை

உங்களிடம் ஒரு ஆராய்ச்சி மாணவி வந்து, "மேடம், மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் ஒருத்தர் விடாமல் வந்துவிட்டார்கள்" என்று பூரித்துப்போய்ச் சொன்னால், முதலில் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பிறகு நிதானமாக உட்கார்ந்து பயப்படுங்கள்.

ஆராய்ச்சி மாணவர்களுக்குப் புள்ளிவிவரம் பார்த்துக் கொடுக்கும் நம் சேலம் அலுவலகத்தில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஓய்வு பெறும் வரை நானும் அங்கேதான் குப்பை கொட்டினேன். ஜன்னல் பக்கம் முதுகு ஆடும் நாற்காலி இன்னும் இருந்தால், அதை ஆட வைத்தவள் நான்தான். அத்தனை வருடத்தில் நான் பார்த்த ஆய்வுகளில், எல்லோரும் எல்லாத் தடவையும் வந்து நின்றது ஒரே ஒரு ஆய்வில்தான். சாதாரணமாக என்ன நடக்கும்? ஒருவர் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். ஒருவர் கோபித்துக்கொள்வார். ஒருவர் ஊசியைப் பார்த்ததும் "இதோ வந்துடறேன்" என்று போனவர் போனவர்தான். அட்டவணையில் ஓட்டை இருந்தால்தான் அது மனிதர்களிடம் எடுத்த அட்டவணை என்று நான் நம்புவேன்.

அந்த ஓட்டையே இல்லாத அட்டவணையைக் கொண்டு வந்தவள் கோகிலா. வாழப்பாடிப் பெண். உணவியலில் முனைவர் பட்ட ஆய்வு. புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு ஊரை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒருவரைப் பதிவு செய்து, காலையில் இட்லி தோசைக்குப் பதிலாகக் கம்மங்கூழ் குடிக்க வைத்தாள். கம்பு மாவை அவளே அரைத்துப் பொட்டலம் போட்டுக் கொடுத்தாள். தொடங்கும்போது ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தாள். கூழ் குடித்தால் சர்க்கரை குறைகிறதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. கம்பு பயிரிடும் ஊரில் போய்க் கம்பு குடிக்கச் சொல்வதற்கு எதற்கு டாக்டர் பட்டம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவரை விடுங்கள், அவர் வருமான வரிக்காரர்.

இதற்குப் பொருத்தமான கணக்கு நம் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா. ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளந்து, அந்த ஆளை அவரோடேயே ஒப்பிடும் வேலை. மனிதருக்கு மனிதர் இருக்கும் வித்தியாசத்தைக் கழித்துவிட்டு, காலத்தால் வந்த மாற்றத்தை மட்டும் பார்க்கலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. கூழ் குடிக்காத இன்னொரு குழு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா என்று ஆரம்பத்திலேயே கேட்டேன். "கைடு வேணாம்னுட்டாரு மேடம்" என்றாள். கைடு வேண்டாம் என்றதைக் கடவுளே கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். சரி, இருக்கிறதை வைத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

சராசரிகள் மூன்றும் படிக்கட்டு மாதிரி இறங்கின. முதல் தடவையைவிட நடுவில் குறைவு, நடுவைவிடக் கடைசியில் குறைவு. கோகிலா கையைத் தட்டாத குறை. ஆனால் இந்த இறக்கம் தற்செயலாக வந்திருக்கலாமோ என்பதைச் சொல்லும் பி மதிப்பு மட்டும் நாம் எல்லோரும் கும்பிடும் அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை அந்தப் பக்கம் நின்றது. காரணம் தேடினால் ஒரே ஒரு ஆள். எண் நாற்பத்தொன்று. ஊரே இறங்கிக்கொண்டிருக்க, கடைசி அளவில் இவருடைய சர்க்கரை மட்டும் வானத்துக்குப் போயிருந்தது. உயிரோடு நடமாடும் ஆளுக்கு வரக்கூடிய எண்தானா என்று நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன்.

"இவரை எடுத்துட்டுப் போட்டுப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"பார்த்துட்டேன் மேடம். சூப்பரா வருது."

நானும் போட்டுப் பார்த்தேன். சூப்பராகத்தான் வந்தது. பி மதிப்பு கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் குதித்து உட்கார்ந்துகொண்டது. ஸ்பெரிசிட்டி என்று ஒரு சோதனை உண்டே, மூன்று அளவுகளை இரண்டிரண்டாகக் கழித்துப் பார்த்தால் அந்த வித்தியாசங்களின் சிதறல் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்பது, நாற்பத்தொன்று இருந்தவரை முறைத்துக்கொண்டிருந்த அதுவும் பல்லைக் காட்டிச் சிரித்தது. ஒரு ஆளை நீக்கினால் ஒரு ஆய்வேடே நிமிர்ந்துவிடும் என்ற நிலை.

அவளுக்கு இது சும்மா ஒரு அட்டவணை இல்லை. அந்த வாரக் கடைசிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால் ஆத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. தவறினால் அடுத்த ஆள் தயாராக நின்றார். ஆய்வேட்டோடு நம் அலுவலகத்தின் சான்றிதழும் போக வேண்டும். 'கணக்கு சரி பார்க்கப்பட்டது' என்று அதில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

அவளுடைய கைடு போனில் வந்தார். நல்ல மனிதர், அவரைத் திட்டிக் கதையை ருசியாக்க எனக்கு விருப்பமில்லை. "மேடம், அந்த ரிசல்ட் வந்த அன்னைக்கே கோகிலா அந்த ஆளுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டா. அவரு நாமக்கல்ல டாக்டரைப் பார்த்து, திரும்ப டெஸ்ட் எடுத்து, எல்லாம் கட்டுப்பாட்டுல இருக்குன்னு சொல்லிட்டாங்க. அப்ப இது லேப் மிஸ்டேக்தானே? தப்பான அளவை எடுத்துடறதுதானே முறை?"

யோசித்துப் பாருங்கள், நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. ஆளைத் திரும்பச் சோதித்தாகிவிட்டது. ஆள் நன்றாக இருக்கிறார். காரணத்தை ஒரு வரியில் அடிக்குறிப்பாக எழுதிவிட்டு எடுத்துவிடலாம். பாடப்புத்தகமே கையைப் பிடித்து அழைத்துப் போய் விடும் இடம் அது.

எனக்கு இரண்டு இடத்தில் உறுத்தியது. ஒன்று, லேப் பிழை என்றால் அது தனியாக வராது. அதே கருவியில் இவருக்கு முன்னால் ஓடிய ரத்தத்தையும் பின்னால் ஓடிய ரத்தத்தையும் பார்த்தேன். சாதுவாக இருந்தன. இன்னொன்று என் பழைய அதிகாரி ஒருவர் என்னிடம் ஒட்டவைத்த கெட்ட பழக்கத்தால் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் சராசரியைப் பார்க்கவே விடமாட்டார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோடு பென்சிலால் போட்டுக் கொண்டு வா என்பார். போட்டுக் கொண்டு போனால், கோட்டைப் பார்த்தபடி முறுக்கு தின்பார். நாளெல்லாம் தின்பார். அந்த மனிதரை நினைத்து நான் மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை, ஆனால் பழக்கம் மட்டும் போகவில்லை.

கோகிலாவின் ஆட்களுக்கும் கோடு போட்டேன். ஒரே ஆளைத் திரும்ப அளந்தால், முதலில் சர்க்கரை கூடுதலாக இருந்தவர் பிறகும் மற்றவர்களைவிடக் கொஞ்சமாவது மேலே இருப்பார். எல்லாக் கோடும் சேர்ந்து இறங்கினாலும் வரிசை பெரும்பாலும் கலையாது. இங்கே மேலே இருந்தவர் கீழே, கீழே இருந்தவர் மேலே, குறுக்கும் நெடுக்குமாகப் பூனை விளையாடிய நூல்கண்டு. முதல் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் ஒட்டுறவே இல்லை. சராசரி மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

"கோகிலா, நாற்பத்தொன்றை நீக்கலாம். ஆனா நான் ஒரு தடவை அவரை நேர்ல பார்த்துடறேன்," என்றேன்.

"மேடம், இன்னும் பைண்டிங் வேற இருக்கு."

"பைண்டிங் கடைக்காரர் ஓடிப் போக மாட்டார். வா."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் வந்தாள். காரில் போகும்போது சர்க்கரை பார்க்கும் சின்ன மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். இந்தக் கிழவிக்கு ரிடயர் ஆகிற நேரத்தில் என்ன கேடு என்று நினைத்திருப்பாள். பிறகு கேட்டபோது அப்படித்தான் நினைத்ததாக ஒப்புக்கொண்டாள்.

ஆய்வில் ஆட்களின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பது விதி. அதனால் கோகிலா ஆளுக்கு ஒரு எண் அட்டை கொடுத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் லேப் ஆட்கள் எண்ணைக் கூப்பிடுவார்கள், அட்டையோடு வருபவரிடம் ரத்தம் எடுப்பார்கள். எந்த எண் யார் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ரத்தம் எடுப்பது ஊர்ப் பள்ளிக்கூடத்தில். அந்த நேரத்தில் அவள் அதன் மறு பக்கத்தில், வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு மாவுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருப்பாள். பொட்டலத்துக்கு வீட்டிலிருந்து யார் வந்தாலும் சரிதான்.

நாற்பத்தொன்று என்பவர் நல்லமுத்து. அறுபதைத் தாண்டிய விவசாயி. நாங்கள் போனபோது தொழுவத்தில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கோகிலாவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க அம்மணி, வாங்க வாங்க! ஏனுங்க மேடம், உக்காருங்க. பாவாயி, ஆரு வந்திருக்காங்கன்னு பாரு. கூழுக்கார அம்மணி!"

அவர் மனைவி பாவாயி பிளாஸ்டிக் நாற்காலிகளை முந்தானையால் துடைத்துப் போட்டார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். "ஐயா, உங்க உடம்பு எப்படி இருக்குது? கடைசியா பார்த்தப்ப சர்க்கரை நிறைய இருந்துச்சே?"

"அதான் அம்மணி போன் போட்டு மெரட்டிப்போட்டாங்களே! அன்னைக்கே போய் டாக்டரைப் பார்த்தேனுங்க. எனக்குச் சக்கரை இருக்குறது பத்து வருசமா தெரிஞ்ச சங்கதிதானுங்களே, மாத்திரை திங்கறேன். ஒண்ணும் பயமில்ல, அளவாத்தான் இருக்குதுன்னு சொல்லிப்போட்டாரு."

"அந்தக் கடைசித் தடவை ரத்தம் குடுத்த அன்னைக்கு முன்னால ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"அன்னைக்கு நான் போகவே இல்லீங்களே," என்றார் நல்லமுத்து, சர்வ சாதாரணமாக. "எரும ஈனுற நேரம். எப்படிங்க உட்டுப்போட்டு வாரது? அம்மணி போன் போட்டப்ப, மொதல்ல நான் குடுத்த ரத்தத்தச் சொல்றாங்கன்னு நெனச்சேனுங்க."

பாவாயி கொடுத்த மோர் டம்ளர் கோகிலாவின் கையிலேயே நின்றுவிட்டது. "அப்ப யாருங்க வந்தது? நாப்பத்தொண்ணு வந்து ரத்தம் குடுத்திருக்கே?"

"ஆராச்சும் போயிருப்பாங்க கண்ணு. நீங்க வந்து மரியாதையா அழைச்சிருக்கீங்க. எங்க ஊட்டுல இருந்து ஆள் போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. புரிந்துவிட்டதா உங்களுக்கு? கல்யாணம் காதுகுத்து, கேதம், கோவில் பொங்கல் எதுவானாலும் அந்தப் பக்கத்தில் அழைப்பு ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. பெரியவர் போக முடியாவிட்டால் மகன் போவான், மகன் இல்லாவிட்டால் மருமகள். ஆள் மாறலாம், வீடு விட்டுப்போகக் கூடாது. அழைத்தவருக்குக் காட்டும் மரியாதை அது. வாழப்பாடியிலிருந்து வெயிலில் வந்து, மாவு அரைத்துக் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிட்ட பெண்ணுக்கு அந்த ஊர் அத்தனை மரியாதையையும் ஒன்று விடாமல் செய்திருந்தது. அதனால்தான் அவளுடைய அட்டவணையில் ஒரு ஓட்டைகூட இல்லை.

"நடுவுல எடுத்தப்ப?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு எம் பையன் லாரிய நிறுத்திப்போட்டு ஊட்டுல சும்மாதான் இருந்தான். நீ போடான்னு அட்டையக் குடுத்து உட்டேன்."

பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், தானும் கணக்குச் சொல்ல வந்துவிட்டார். அவர் வீட்டில் முதலில் அவர் கணவர், நடுவில் அவர், கடைசியில் சேந்தமங்கலத்திலிருந்து விருந்துக்கு வந்த கொழுந்தியா மாப்பிள்ளை. "சும்மாதானுங்க உக்காந்து டிவி பார்த்துட்டு இருந்தாரு. ரத்தம் குடுத்துட்டு வாங்க, தோசை ஊத்தி வைக்கறேன்னு அனுப்புனேன்."

கோகிலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சராசரி ஏன் இறங்கியது என்பது எனக்கு அந்த நிமிடம் விளங்கியது. முதல் தடவை புதிதாக ஒருத்தி அழைத்திருக்கிறாள் என்று எல்லா வீட்டிலும் பெரியவர்களே எழுந்து வந்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு ஏற்கெனவே சர்க்கரை. போகப்போக அவர்களுக்கு வேலை வந்துவிட்டது, இளசுகளை அனுப்பியிருக்கிறார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வயதுதான் இறங்கியிருக்கிறது. ஸ்பெரிசிட்டி சிரித்ததும் அதனால்தான். சம்பந்தமில்லாத மூன்று பேரை வரிசையாக நிறுத்தினாலும் அந்த நிபந்தனை கச்சிதமாகப் பொருந்தும். மூன்றும் ஒரே ஆள்தானா என்று அது கேட்கவே கேட்காது. அதைக் கேட்க வேண்டியது நம் வேலை.

ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, எவ்வளவு அழகாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று. அடுத்த நொடியே வானத்துக்குப் போன அந்தக் கடைசி எண் நினைவுக்கு வந்தது. நாற்பத்தொன்றின் ரத்தத்தில் பிழை இல்லை. நல்லமுத்துவிடமும் பிழை இல்லை. அப்படியானால் அந்தச் சர்க்கரை வேறு யாருடைய உடம்பிலோ இருக்கிறது. அந்த ஆளுக்கு யாரும் போன் செய்யவில்லை.

"பாவாயிம்மா, கடைசித் தடவை போனது யாருன்னு கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"மருமகதானுங்க போனா. அடியே கவிதா!"

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து இருக்கும். எங்களுக்குக் கொடுக்கச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தவள், வாசல்படி தாண்டுவதற்குள் நின்று அவளே அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. கழுத்து எலும்பு தெரிந்தது.

"இவ குடிக்கற தண்ணிக்கு ரிக் வண்டியக் கூப்புட்டுத் தனியா ஒரு போர் போடோணுமுங்க," என்றார் பாவாயி. "வெயில் நெம்ப எச்சாப் போச்சுல்லங்க. கூழு குடிச்சு உடம்பு எப்படி எளச்சிருக்கு பாருங்க. ஊர்ப் பொண்டுகளெல்லாம் இவளப் பார்த்துத்தான் உங்க மாவு கேக்கறாங்க."

"மேடம், ரெண்டு நாளா நடந்தா மூச்சு வாங்குதுங்க," என்றாள் கவிதா. "சொன்னா அத்தை திட்டுவாங்கன்னு சொல்லல."

கோகிலா அதற்குள் மீட்டரைத் திறந்திருந்தாள். கவிதாவின் விரலைப் பிடித்துக் குத்தினாள். மீட்டரில் எண் வரவில்லை. தன்னால் காட்ட முடிகிற அளவுக்கு மேலே இருக்கிறது என்று மட்டும் காட்டியது. சர்க்கரை என்றால் வயதானவர்களுக்கு வருவது, குண்டாக இருப்பவர்களுக்கு வருவது என்று நினைத்துக்கொண்டிருக்கும் வீட்டில், ஒல்லியாகச் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணை யார் சந்தேகப்படுவார்கள்?

கவிதாவின் கணவன் லாரியோடு வடக்கே எங்கோ இருந்தான். நல்லமுத்து எருமையை அப்படியே விட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். எல்லோரும் என் காரில் அடைந்துகொண்டு நாமக்கல்லுக்குக் கிளம்பினோம். அன்று பிற்பகல் கைடிடம் கையெழுத்து வாங்கி, மறுநாள் பைண்டிங்குக்குக் கொடுத்திருக்க வேண்டியவள் கோகிலா. "உன்னைச் சேலம் பஸ்ஸுல ஏத்திவிடட்டுமா, நான் இவளைப் பார்த்துக்கறேன்" என்று நான் கேட்டேன். அவள் பின் ஸீட்டில் கவிதாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "போங்க மேடம்," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள்.

வழியில் கைடு போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்த நாற்பத்தொன்னு விஷயம் என்னாச்சும்மா? நீக்கிட்டீங்களா?"

"இல்ல சார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்."

"அவருக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரே?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல சார். எனக்கு முன்னால உக்காந்து வெத்தல போட்டுட்டு இருக்காரு."

நல்லமுத்து போனை நோக்கித் திரும்பி, "வணக்கமுங்க," என்றார்.

ஆஸ்பத்திரியில் கவிதாவை உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்த டாக்டர் எங்களில் யாரிடம் பேசுவது என்று பார்த்து, எல்லோரிடமும் பொதுவாகச் சொன்னார்: உடம்பில் இன்சுலின் சுத்தமாக இல்லை, ரத்தம் அமிலமாகத் தொடங்கிவிட்டது, இன்னும் ஒன்றிரண்டு நாள் வெயில் என்று விட்டிருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பாள், எழுந்திருப்பாளா என்று சொல்ல முடியாது. பாவாயி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "போர் போடோணும்னு கேலி பண்ணுனேனே சாமி," என்று ஒரே பாட்டு. தேறி எழுந்த பிறகு கவிதா எங்களிடம் சண்டைக்கு வந்தாள். மாமனாருக்குப் பதிலாக ஒரே ஒரு நாள் ஊசி குத்திக்கொள்ளப் போனவளுக்கு ஆயுசு முழுக்க ஊசி மாட்டிவிட்டீர்களே என்று. அப்படிச் சண்டை போட அவள் இருந்ததே எங்களுக்குப் போதும்.

ஆய்வேடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த வாரம் போகவில்லை. ஆத்தூர் வேலைக்கு அடுத்த ஆள் போய்ச் சேர்ந்தார். அந்தச் செய்தி வந்த அன்று கோகிலா என் அறையில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் வருத்தமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. சரியானதைச் செய்தால் நல்லது நடக்கும் என்று உங்களுக்கு யாராவது பயிற்சி வகுப்பில் சொன்னால், அவர்களுடைய சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.

பிறகு கைடு அவகாசம் வாங்கிக் கொடுத்தார். முதல் நாள் கொஞ்சம் முறைத்தார், மறுநாள் அவரே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். கோகிலா திரும்ப அந்த ஊருக்குப் போய் வீடு வீடாகக் கேட்டாள். மூன்று தடவையும் தானே வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் தேறினார்கள். அனுப்புவதற்கு வேறு ஆள் இல்லாமல் தனியாக இருப்பவர்கள் பெரும்பாலோர். ஒரே ஒருவர் மட்டும் வீடு நிறைய ஆள் இருந்தும் அட்டையை யாரிடமும் கொடுக்கவில்லை. பெற்ற மகனிடம்கூட மோட்டார் சாவியைக் கொடுக்காதவராம் அவர். வாழ்க்கையில் சந்தேகப் பிராணிகளால் ஆராய்ச்சிக்கு உதவி கிடைத்த இடம் இது ஒன்றுதான்.

அவர்களுக்கு மட்டும் கோடு போட்டேன். மேலே இருந்தவர் மேலே, கீழே இருந்தவர் கீழே, வரிசை கலையாமல் போயின. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. சர்க்கரை ஒரு துளி இறங்கியிருந்தது, ஆனால் கூழால் இறங்கியது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்கிற அளவுக்கு இல்லை. பி மதிப்பு கோட்டுக்கு வெகு தூரம் அந்தப் பக்கம். அப்படியே எழுதினாள். ஊர் ஏன் ஆள் மாற்றி அனுப்பியது என்பதை ஒரு தனி அத்தியாயமாக எழுதினாள். இனிமேல் ரத்தம் எடுக்கிறவர்கள் எண்ணைக் கூப்பிடும்போது முகத்தையும் பார்க்க ஒரு வழி வேண்டும் என்றும் எழுதினாள். 'கணக்கு சரி பார்க்கப்பட்டது' என்று நான் கையெழுத்துப் போட்டேன். ஓய்வு பெறுவதற்கு முன் நான் போட்ட கடைசிக் கையெழுத்துகளில் அதுவும் ஒன்று.

வாய்மொழித் தேர்வுக்கு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கெட்டிக்காரர், கறாரானவர். அட்டவணைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதலில் எல்லோரும் இருந்த அட்டவணையைக் கண்டுபிடித்தார். நாற்பத்தொன்று இல்லாமல் போட்ட கணக்கையும், அது எப்படிக் கோட்டைத் தாண்டியது என்பதையும் கோகிலா மறைக்காமல் பின்னிணைப்பில் கொடுத்திருந்தாள். அவர் அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டார்.

"லேப் மிஸ்டேக்னு நினைக்க எல்லாக் காரணமும் இருந்திருக்கு. இந்த ஒரே ஒரு எண்ணை எடுத்திருந்தா, நீங்க நினைச்ச முடிவு அப்பவே வந்திருக்குமே அம்மா?"

கோகிலா அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"வந்திருக்கும் சார்," என்றாள். "அந்தப் பொண்ணு இருந்திருக்க மாட்டா."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஆய்வேட்டை மூடிவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கேட்டார்.